சங்கிலிப் பட்டறை ஊரின் ஸ்பீட்வே அணி: க்ரேட்லி ஹீதன்ஸ் பற்றிய கேள்வி பதில்

இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியிலுள்ள க்ரேட்லி ஹீத் என்னும் சிற்றூருக்கு, ஸ்பீட்வே எனப்படும் தடப் பந்தயத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ‘ஹீதன்ஸ்’ என்ற அணியைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு, அவை வந்த வரிசையைச் சற்று மாற்றி, கீழே விடையளித்திருக்கிறேன்.

கேள்வி: நான்கு பேர் வட்டமடித்து ஓட்டும் பந்தயத்தில் ‘அணி’ என்பது எங்கே வருகிறது, ஐயா?

ஓர் ஓட்டத்தில் இறங்கும் நால்வரில் இருவர் ஓர் அணியினர், மற்ற இருவர் எதிரணியினர். நீள்வட்டத் தடத்தை இடப்புறமாக நான்கு முறை சுற்றினால் ஓட்டம் முடிந்துவிடும். அதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ ஒரு நிமிடம். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசியாக வருபவருக்கு ஒன்றுமில்லை. ஆகவே ஒரே அணியினர் இருவரும் முன்னால் வந்துவிட்டால் 5-1 என்று அந்த ஓட்டம் எதிரணியின் கையை விட்டுப் போகும். க்ரேட்லி கொடிகட்டிப் பறந்த நாட்களில் ஒரு லீக் ஆட்டத்துக்கு 13 ஓட்டங்கள், மொத்தம் 78 புள்ளிகள். 40 எடுத்தால் வெற்றி. முன்னால் போகிறவர் தன் கூட்டாளிக்காக வேகத்தைச் சற்றே அடக்கி, எதிரணிக்காரரை வெளிவிளிம்பில் நிறுத்தி வைக்கும் வித்தைதான் இந்த ஆட்டத்தின் உயிர். தனி வேகம் மட்டுமே உள்ளவரால் ஓர் அணி கோப்பை வெல்வதில்லை.

கேள்வி: நான் மோட்டார் மெக்கானிக். இந்த வண்டிகளில் பிரேக்கே கிடையாது என்கிறார்களே, உண்மைதானா? ஜாவா வண்டியும் இதில் ஓடியதாகக் கேள்வி.

இரண்டும் உண்மை. 500 சிசி ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், ஓடும்போது மாற்ற முடியாத ஒரே கியர், எரிபொருளாக மெத்தனால், பிரேக் இல்லை. நான்கு வண்டிகளும் கைக்கெட்டும் தூரத்தில் நெருங்கி ஓடுகையில் ஒருவர் பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர் அவர்மீது ஏறிவிடுவார் என்பதே காரணம். வளைவில் பின்சக்கரத்தை வெளிப்புறமாக வழுக்கவிட்டு, முன்சக்கரத்தை எதிர்த்திசையில் திருப்பி, இடது பூட்ஸின் அடியில் கட்டிய இரும்புத் தகட்டைத் தரையில் உரசவிட்டபடி ஆக்ஸிலரேட்டரைக் கொண்டே வண்டியை ஆளவேண்டும். தடத்தில் பரப்பிய செந்நிறக் கல்துகள் பின்னால் வருபவர் முகத்தில் வாரியடிக்கும். அரங்கின் மணம் கூடத் தனியானது, ஏனெனில் எஞ்சினுக்கு ஊற்றியது ஆமணக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்ட எண்ணெய்.

ஜாவாவைப் பொறுத்தவரை, 1960களில் மைசூரில் தயாரிக்கப்பட்ட சாலை வண்டிக்குப் பெயர் கொடுத்த அதே செக்கோஸ்லோவாக்கிய நிறுவனம்தான். எஸோ என்ற சிறு நிறுவனம் திவிஷோவ் ஊரில் செய்துவந்த ஸ்பீட்வே எஞ்சின்கள், அது 1964-இல் ஜாவாவுடன் இணைக்கப்பட்ட பிறகு ஜாவா என்ற பெயரில் வந்தன. லண்டனில் செய்யப்பட்ட ஜேஏபி எஞ்சின் நெடுங்காலம் செலுத்திய ஆட்சியை முடித்துவைத்தது அதுவே.

கேள்வி: இவ்வளவு சிறிய ஊருக்கு இப்படியொரு அணி எப்படி வாய்த்தது?

ஊரைச் சிறியது என்று சொல்லலாம். ஒதுங்கியது என்று சொல்ல முடியாது. பிளாக் கன்ட்ரி எனப்படும் நிலக்கரி, இரும்புப் பகுதியின் நடுவே, கப்பல்களுக்கும் சுரங்கங்களுக்கும் சங்கிலி அடித்துக்கொடுத்தே வாழ்ந்த ஊர் அது. 1910-இல் இவ்வூரின் சங்கிலிப் பட்டறைப் பெண்கள், மேரி மக்கார்த்தர் என்ற தொழிற்சங்கத் தலைவியின் துணையோடு பத்து வாரம் வேலைநிறுத்தம் செய்து தங்கள் கூலியை இரட்டிப்பாக்கிக்கொண்டார்கள். அருகிலுள்ள நெதர்டனில்தான் டைட்டானிக் கப்பலின் பெரிய நங்கூரம் செய்யப்பட்டது. உலைக்களத்தில் வாரம் முழுதும் உழைத்துவிட்டுச் சனிக்கிழமை மாலையில் எஞ்சின் இரைச்சலைத் தேடிப்போவது அம்மக்களுக்கு இயல்பாகவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அணி ஓடிய இடம் டட்லி வுட் ஸ்டேடியம். ஸ்பீட்வேயோடு நாய்ப் பந்தயமும் நடந்த அந்த அரங்கு, 1947-இல் நேஷனல் லீக்கின் மூன்றாம் பிரிவு தொடங்கியபோது க்ரேட்லி அணிக்குத் தாயகமாயிற்று. 1949-இல் இரண்டாம் பிரிவுக்கு உயர்ந்தது. 1952 பருவத்தோடு மூடிவிட்டார்கள்.

கேள்வி: ஐந்தாறு ஆண்டுகளிலேயே மூடும்படி என்ன ஆயிற்று?

க்ரேட்லி மட்டும் மூடவில்லை. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் பெருங்கூட்டம் கண்ட இவ்விளையாட்டு 1950களில் நாடெங்கும் சரிந்தது. ஸ்பீட்வேயின் நுழைவுச் சீட்டுமீது விதிக்கப்பட்ட கேளிக்கை வரி மற்ற பல விளையாட்டுகளுக்கு விதித்ததைவிடக் கடுமையானது; அதன்மேல் தொலைக்காட்சியும் வீடுகளுக்குள் வந்துவிட்டது. அந்தச் சரிவிலிருந்து தூக்கி நிறுத்தியது 1960-இல் தோன்றிய பிராவின்ஷியல் லீக். க்ரேட்லி அதன் நிறுவன உறுப்பினர்களில் ஒன்று. அதன் நாக்-அவுட் கோப்பையை 1961-இலும் 1963-இலும் வென்றது. அந்நாளைய நாயகர் ஐவர் பிரவுன். 1965-இல் நேஷனல் லீக்கும் பிராவின்ஷியல் லீக்கும் ஒன்றாகி பிரிட்டிஷ் லீக் பிறந்தபோதும் க்ரேட்லி அதில் இருந்தது. ஆனால் அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பட்டியலின் கீழ்ப்பகுதியிலேயே பெரும்பாலும் காலம் தள்ளியது. நடுவில் சில ஆண்டுகள் ‘க்ரேட்லி யுனைடெட்’ என்று பெயரை மாற்றியும் பார்த்தார்கள். சொல்லிக்கொள்ளும்படி இருந்தது ஒன்றே ஒன்று: 1972-இல் லண்டனின் வெம்ப்ளியில் நடந்த தனிநபர் உலக இறுதிப் போட்டியில் க்ரேட்லியின் சுவீடிஷ் வீரர் பெர்ன்ட் பெர்சன் இரண்டாமிடம் பெற்றார்.

கேள்வி: பிறகு எப்படித் தலையெழுத்து மாறியது?

1978-இல் கலிபோர்னியாவிலிருந்து ப்ரூஸ் பென்ஹால் என்ற இளைஞரை அணியின் நடத்துநர் டான் மக்கார்மிக் அழைத்துவந்தார். அடுத்த ஆண்டு டென்மார்க்கின் எஸ்பியர் நகரத்து எரிக் குண்டர்சன் வந்து சேர்ந்தார். 1979, 1980 ஆகிய இரு ஆண்டுகளிலும் நாக்-அவுட் கோப்பை. 1981-இல், அணி தோன்றி முப்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, முதல் லீக் பட்டம். அதே ஆண்டு வெம்ப்ளி அரங்கில் நடந்த கடைசி உலக இறுதிப் போட்டியில், தொண்ணூறாயிரம் பேர் பார்த்திருக்க, பென்ஹால் உலக சாம்பியன் ஆனார்.

வெளிநாட்டு வீரர்களை மட்டும் சொல்லிவிட்டு நகர்வது நியாயமன்று. ஆலன் கிரேஹாம், டேவ் பெர்க்ஸ் போன்றவர்கள் ஒவ்வோர் ஆட்டத்திலும் சேர்த்துக்கொடுத்த நடுத்தரப் புள்ளிகள் இல்லாமல் வெற்றிக்கு வேண்டிய அந்த 40-ஐ எட்டியிருக்க முடியாது.

கேள்வி: அந்த அணியில் பில் காலின்ஸ் இருந்தாரென்று படித்தேன். பாடகரா?

அல்லர். பீட்டர் காலின்ஸ் என்ற 1976-ஆம் ஆண்டு உலக சாம்பியனின் தம்பி இவர். சகோதரர் ஐவருமே ஸ்பீட்வே வீரர்கள்.

கேள்வி: பென்ஹால் உச்சத்தில் இருக்கும்போதே ஏன் விலகினார்? அதில் ஏதோ சர்ச்சை உண்டல்லவா?

விலகலையும் சர்ச்சையையும் வேறுவேறாகப் பார்க்கவேண்டும். 1982 ஆகஸ்டில் உலக இறுதிப் போட்டி லாஸ் ஏஞ்சல்ஸ் கொலீசியம் அரங்கில், அதாவது அவருடைய சொந்த மண்ணில் நடந்தது. பதினான்காம் ஓட்டத்தில் அவரும் இங்கிலாந்தின் கென்னி கார்ட்டரும் தோளோடு தோள் மோதியபடி வளைவில் நுழைய, கார்ட்டர் வேலியருகே விழுந்தார். நடுவர் விலக்கியது கார்ட்டரை. பென்ஹால் அவரைத் தொட்டாரா இல்லையா என்று இன்றுவரை வழக்காடுகிறார்கள். படச்சுருளைப் பார்த்தவர்களில் இரு தரப்பும் அதே காட்சியைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள். இருவரும் மறு ஓட்டத்துக்கு வந்திருந்தால் நியாயமாக இருந்திருக்கும் என்று கருதுகிறேன்.

பட்டத்தைத் தக்கவைத்த அன்றே, வெற்றி மேடையில் நின்றபடி ஓய்வை அறிவித்தார். கலிபோர்னிய நெடுஞ்சாலைக் காவலர்களைப் பற்றிய தொலைக்காட்சித் தொடரில் நடிப்பதற்கு அவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வயதில் இரண்டு உலகப் பட்டங்களோடு வெளியேறியவரைக் குறைசொல்வதற்கில்லை. ஆனால் பருவத்தின் நடுவில் தலைமை வீரரை இழந்த அணி என்ன பாடுபட்டிருக்கும் என்பதையும் எண்ணவேண்டும். அப்படியிருந்தும் அவ்வாண்டு நாக்-அவுட் கோப்பையையும், அடுத்த 1983-இல் லீக், கோப்பை இரண்டையும் க்ரேட்லி வென்றது. இந்தக் காரணத்தாலேயே, 1981 அணியைவிட 1983 அணி சிறந்தது என்பேன். பென்ஹால் இல்லாமல் குண்டர்சன், சைமன் விக், லான்ஸ் கிங் ஆகியோரைக் கொண்டு அதைச் சாதித்தார்கள்.

கேள்வி: குண்டர்சனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லுங்கள்.

க்ரேட்லியின் வரலாற்றில் ஒருவரைத்தான் பேசலாம் என்றால் அவரைத்தான் பேசுவேன். 1984, 1985, 1988 என மூன்று உலகப் பட்டங்கள். 1985-இல் பிராட்ஃபர்டில் மூவர் சமப்புள்ளியில் நிற்க, கூடுதல் ஓட்டத்தில் ஹான்ஸ் நீல்சனையும் சாம் எர்மலென்கோவையும் வென்றார். 1988-இல் டென்மார்க்கின் வோயன்ஸ் தடத்தில் மறுபடியும் நீல்சனோடு சமநிலை, மறுபடியும் கூடுதல் ஓட்டம், மறுபடியும் இவரே. பிரிட்டனில் அவர் ஓட்டிய லீக் வாழ்க்கை முழுவதும் ஒரே அணிக்காக, 1979 முதல் 1989 வரை. பெரிய வீரர்கள் பருவந்தோறும் அணி மாறுவது வழக்கமாகிவிட்ட இவ்விளையாட்டில் அது அரிய செயல்.

1989 செப்டம்பரில், பிராட்ஃபர்டின் அதே ஆட்சல் அரங்கில், உலக அணிக் கோப்பை இறுதிப் போட்டியில், அவருடைய முதல் ஓட்டத்தின் முதல் வளைவிலேயே நால்வரும் விழுந்தனர். விழுந்த மற்ற மூவரில் லான்ஸ் கிங் முன்னாள் க்ரேட்லி வீரர், சைமன் கிராஸ் அப்போதைய க்ரேட்லி வீரர். குண்டர்சனின் கழுத்தெலும்பும் முதுகுத்தண்டும் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தான நிலை. மீண்டும் நடக்கும் அளவுக்குத் தேறினார். பின்னாளில் டென்மார்க் தேசிய அணியின் மேலாளரும் ஆனார். வண்டி ஓட்டுவது மட்டும் அன்றோடு நின்றது.

அவருக்குப் பின் யான் ஓ. பெடர்சன் 1991-இல் கோத்தன்பர்க்கில் ஐந்து ஓட்டங்களிலும் முதலிடம் பெற்று, 15-க்கு 15 என்று உலகப் பட்டம் வென்றார். அடுத்த ஆண்டே விபத்தில் காயமுற்று அவரும் ஓய்வு பெற நேர்ந்தது.

கேள்வி: இத்தனை பட்டம் வென்ற அணி 1995-இல் மூடப்பட்டது ஏன்? கூட்டம் குறைந்துவிட்டதா, கடனா?

இரண்டும் மூலகாரணம் அல்ல. பிரிட்டனின் ஸ்பீட்வே அணிகளில் பெரும்பாலானவை ஓடும் அரங்கு அவற்றுக்குச் சொந்தமில்லை என்பதுதான் காரணம். நடத்துநர் ஒருவர் அரங்கைக் குத்தகைக்கு எடுத்து, வீரர்களுக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து, சீட்டு வருவாயிலும் விளம்பரதாரர் பணத்திலும் பருவத்தை நகர்த்துகிறார். வண்டியும் மெக்கானிக்கும் வீரரின் சொந்தச் செலவு. இந்த ஏற்பாட்டில் கோப்பை எத்தனை வென்றாலும் காலடி மண்ணில் அணிக்கு உரிமை சேர்வதில்லை. நகரின் விளிம்பில் இருந்த அரங்குகளைச் சுற்றிக் குடியிருப்புகள் பெருகி, நிலத்தின் விலை ஏறும்போது, வாரத்தில் ஒருநாள் பந்தயம் நடத்தி வரும் வாடகை நிலத்துக்காரருக்குச் சில்லறையாகத் தோன்றத்தான் செய்யும். டட்லி வுட்டில் நடந்தது அதுதான். நிலம் வீடு கட்டுவோர் கைக்குப் போயிற்று. 1995 பருவத்தோடு வாசல் அடைபட்டது. அந்நேரத்தில் அணியில் இருந்தவர்கள் யாரென்று பாருங்கள்: 1996-இல் உலக சாம்பியன் ஆன பில்லி ஹேமில், 1997-இலும் பிறகு மூன்று முறையும் பட்டம் வென்ற கிரெக் ஹான்காக். தோற்று ஓய்ந்த அணியில் இப்படிப்பட்ட இருவர் இருக்கமாட்டார்கள்.

1996-இல் வடக்கே ஸ்டோக் நகரை ஒட்டிய லூமர் ரோடு அரங்கில், இரண்டு ஊர்ப் பெயரையும் சேர்த்துவைத்து ஒரு பருவம் ஓட்டினார்கள். ஊர்க்காரர் அவ்வளவு தூரம் வாராவாரம் போவதற்கில்லை, அத்தோடு நின்றது.

கேள்வி: அணி மீண்டும் வந்ததாகவும் படித்தேனே. இப்போது நேரில் பார்க்க முடியுமா, ஐயா?

வந்தது உண்மை. ரசிகர்கள் சேர்ந்து பல்லாண்டு முயன்றதன் பயனாக 2010-இல் மூன்றாம் அடுக்கு லீக்கில், முதலில் ‘டட்லி ஹீதன்ஸ்’ என்றும் பின்னர் பழைய பெயரிலும் அணி இறங்கியது. 2013, 2014 ஆகிய இரு ஆண்டுகளும் அந்த லீக்கின் பட்டத்தை வென்றது. ஆனால் தாயக ஆட்டங்கள் நடந்த இடம் பரம்பரைப் போட்டியாளரான வுல்வர்ஹாம்ப்டன் அணியின் மோன்மோர் கிரீன் அரங்கும், பர்மிங்ஹாமின் பெர்ரி பார் அரங்கும். டட்லி வட்டாரத்துக்குள் புதிய தடம் அமைக்க இடம் தேடியது கைகூடவில்லை. எஞ்சின் இரைச்சலையும் புழுதியையும் ஏற்கும் நிலமும், அதற்கு உள்ளாட்சி அனுமதியும் ஒருசேரக் கிடைப்பது எளிதன்று. பிறகு அந்த அணியும் ஓய்ந்தது. இரவல் கொடுத்த மோன்மோர் கிரீனிலேயே 2023 பருவத்தோடு ஸ்பீட்வே நிறுத்தப்பட்டுவிட்டது. அதை முடிவுசெய்ததும் அரங்கை வைத்திருந்த பந்தயச் சூதாட்ட நிறுவனமே.

ஆகவே இன்று ஹீதன்ஸை நேரில் பார்க்க வழியில்லை. ஸ்பீட்வேயைப் பார்க்க விரும்பினால் மார்ச் முதல் அக்டோபர் வரை இப்ஸ்விச்சிலோ கிங்ஸ் லின்னிலோ நடக்கும் ஆட்டத்துக்குப் போகலாம். வளைவருகே வேலியை ஒட்டி நிற்பதாயிருந்தால் வெள்ளைச் சட்டை வேண்டாம்.