நாய், பூனை வளர்ப்போர் கேள்விகள்: டாக்டரும் செலவும்

வடசேரி: 50 நாள் நாய்க்குட்டி வாங்கியிருக்கோம். அரசு ஆஸ்பத்திரிக்குப் போகவா, தனியார்கிட்ட போகவா?

இரண்டு இடமும் தெரிந்திருக்க வேண்டும். தடுப்பூசிக்கும் குடற்புழு மருந்துக்கும் பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனை போதும். ராத்திரி அவசரத்துக்கு ஒரு தனியார் டாக்டரை, குட்டி நல்லா இருக்கும்போதே பார்த்து வையுங்கள். அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: இரவு 11 மணிக்கு போன் பண்ணினால் யார் எடுப்பார்கள்? ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் அங்கேயே உண்டா? பெரிய ஆபரேஷன் என்றால் எங்கே அனுப்புவீர்கள்? திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வண்டி வாடகையையும் இப்போதே விசாரித்து வையுங்கள்.

பல நோய்க்குச் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசியைப் போடும்போது கவனியுங்கள். ஒரு குப்பியில் வெள்ளையாகக் காய்ந்த மருந்து, இன்னொன்றில் நீர். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, உங்கள் முன்னால் கலக்க வேண்டும். குப்பியின் லேபிளைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டச் சொல்லுங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்காத மருந்து வீண்.

மார்த்தாண்டம்: முதல் வருஷம் எவ்வளவு எடுத்து வைக்கணும்?

தொகையைக் கேட்காதீர்கள் அக்கா, எண்ணிக்கையைப் போடுங்கள். கூட்டுத் தடுப்பூசி 6–8 வாரத்தில் தொடங்கி, 3–4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை. அதாவது 3 அல்லது 4 ஊசி. வெறிநாய்க்கடி ஊசி 3 மாதத்தில் ஒன்று, பிறகு வருஷம்தோறும். குடற்புழு மருந்து 3 மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 6 மாதம் வரை மாதம் ஒருமுறை, அப்புறம் 3 மாதத்துக்கு ஒன்று. அளவு எடையைப் பொறுத்தது. இவற்றை உங்கள் டாக்டரின் விலையால் பெருக்குங்கள். ஜூலை 6 (உலக விலங்குவழி நோய் நாள்), செப்டம்பர் 28 (உலக வெறிநோய் நாள்) ஆகியவற்றையொட்டி அரசு மருத்துவமனைகளில் இலவச வெறிநோய் முகாம் நடப்பதுண்டு, விசாரியுங்கள்.

நோய்ச் செலவு இதற்கு வெளியே. பார்வோ (வாந்தியும் ரத்தக்கழிச்சலும் தரும் வைரஸ் நோய்) வந்தால் 5 நாளாவது தினமும் ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும். அந்த ஐந்து நாள் கட்டணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். கடைசி ஊசி முடிந்து இரண்டு வாரம் ஆகும்வரை குட்டியைத் தெருவில் நடக்க விடாதீர்கள். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

அருமனை: ரப்பர் தோட்டத்துக்குள்ள ஓடுற பட்டிக்கு (நாய்க்கு) காதெல்லாம் உண்ணி. மண்ணெண்ணெய் தடவலாமா?

கூடவே கூடாது, தோல் வெந்துபோகும். காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தினமும் பாருங்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். உண்ணி மருந்து எடைக்கு ஏற்றதாக இருக்கணும். சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே ரத்தப் பரிசோதனை: உண்ணிக் காய்ச்சலில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் இறங்கிவிடும். மாத்திரை பெரும்பாலும் 28 நாள். இரண்டாம் வாரத்தில் துள்ளி விளையாடுகிறதே என்று நிறுத்தினால் திரும்ப வரும்.

தோவாளை: வயல்ல எலி ஜாஸ்தி. எலிக்காய்ச்சல் ஊசி தனியா?

சில கூட்டு ஊசியில் சேர்ந்திருக்கும், சிலவற்றில் இராது. டாக்டரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். 2–4 வார இடைவெளியில் இரண்டு தடவை, பிறகு வருஷம் ஒன்று. நம்ம குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை, தேங்கும் தண்ணீரில் எலி மூத்திரம் கலக்கும். நாயின் மூத்திரம் வழியாக மனிதருக்கும் தொற்றும்; வெறுங்கையால் கழுவாதீர்கள்.

குளச்சல்: பூனைக்குக் காய்ச்சல். பாரசிட்டமால் அரை மாத்திரை?

வேண்டாம். அரை மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இப்போதே டாக்டரிடம் ஓடுங்கள்.

இரணியல்: பெண் நாய்க்குக் குடும்பக் கட்டுப்பாடு வீண் செலவா?

இல்லை. செய்யாத நாய்க்குப் பருவம் முடிந்து 2–8 வாரத்தில் கர்ப்பப்பை சீழ் பிடிக்கலாம். தண்ணீர் அதிகமாகக் குடிக்கும், வயிறு உப்பும். சில சமயம் சீழ் வெளியே வராது, அதுதான் ஆபத்து. அப்போது உயிர் ஊசலாடும் நாய்க்கு அவசர ஆபரேஷன், அதோடு ட்ரிப்ஸ், பல நாள் மருந்து. நல்ல ஆரோக்கியத்தில் செய்வதைவிடச் செலவு பல மடங்கு. 6 மாதத்துக்குப் பிறகு நாளைக் குறித்துவிடுங்கள். பெரிய ஜாதி நாயென்றால் எப்போது என்று டாக்டரிடம் கேளுங்கள்.