கைவினைக் கேள்வி - பதில்: பொம்மை வீட்டுக்கு ஓடு வேய்தல்

கேள்வி: மகளுக்கு ஒட்டுப்பலகையில் பொம்மை வீடு செய்கிறேன். கூரையின் ஒரு பக்கம் 30 சென்ரிமீற்றர் நீளம், 20 சென்ரிமீற்றர் உயரம். ஐஸ்பழக் குச்சியைப் பலகை ஓடு மாதிரி வெட்டினால், கத்தரிக்கோலிலும் பாக்குவெட்டியிலும் நுனி பிளக்கிறது. ஒட்டியவையும் மறுநாளே மூலை கிளம்பி நிற்கின்றன. மொத்தம் எத்தனை குச்சி வேண்டும்?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: இரண்டும் நாரை நசுக்கித்தான் வெட்டும், அதனால்தான் பிளக்கிறது. இரும்பு அடிமட்டம் வைத்து, கட்டரால் இரு பக்கமும் மூன்று நான்கு தரம் கீறிவிட்டு ஒடியுங்கள். வளைந்த நுனிகளைக் கழித்தால் ஒரு குச்சியில் 3 சென்ரிமீற்றர் ஓடு மூன்று வரும். குச்சியின் அகலம் 1 சென்ரிமீற்றர். மேல் வரிசை கீழ் வரிசையில் படிவதால் ஓட்டில் 2 சென்ரிமீற்றர்தான் வெளியே தெரியும். ஆகவே வரிசைக்கு 30 ஓடு, பக்கத்துக்கு 10 வரிசை. இரு பக்கத்துக்கும் 600, கழிவுக்கு 60. குச்சிக் கணக்கில் 220. தாவார ஓரத்தில் படுக்கையாக ஒட்ட இன்னும் 6.

அந்தப் படுக்கைக் குச்சியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் முதல் வரிசை தட்டையாகப் படுத்துவிடும், மேல் வரிசைகளின் சாய்வு அதற்கு வராது. தாவாரத்திலிருந்து 27 மில்லிமீற்றரில் முதல் கோடு, பிறகு 20 மில்லிமீற்றருக்கு ஒரு கோடு. ஓட்டின் தலை கோட்டைத் தொட வேண்டும். அப்போது முதல் வரிசை 3 மில்லிமீற்றர் வெளியே நீட்டி நிற்கும். ஒன்றுவிட்ட வரிசையைப் பாதி அகல ஓட்டில் தொடங்குங்கள். முகட்டில் மிஞ்சுவதைக் கடைசியில் நறுக்கலாம்.

மூலை கிளம்புவது பசையின் ஈரத்தால். அடிப்பக்கம் முழுக்க வெள்ளைப் பசை பூசினால் அந்தப் பக்கம் மட்டும் ஊதி, ஓரங்கள் மேலே வளையும். தலைப்பக்கத்தில் ஒரு சொட்டு, கீழ்வரிசையில் படியும் இடத்தில் ஒரு சொட்டு போதும். ஓடுகளுக்கு இடையே ஒரு கடதாசி கனத்துக்கு இடைவெளியும் விடுங்கள். கச்சான் காலத்தில் நெருக்கி ஒட்டிய ஓடு, மாரியில் ஊதி ஒன்றையொன்று தள்ளும்.

கேள்வி: மழை வெயில் கண்ட பழம்பலகையின் சாம்பல் நிறம் ஓட்டுக்கு வேண்டும். பெயின்ற் அடித்தால் இயல்பாக இல்லை.
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: ஒட்டுவதற்கு முன்பே நிறமேற்றுங்கள், பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது. வினாகிரியில் துருப்பிடித்த இரும்பாணிகளை இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். வாயு வரும், மூடியை இறுக்க வேண்டாம். கறுக்காத எவர்சில்வர் கம்பி இதற்கு உதவாது. ஓடுகளை முதலில் கடும் தேயிலைச் சாயத்தில் தோய்த்துக் காயவைத்து, பிறகு ஆணித் தண்ணீரைத் தூரிகையால் தடவுங்கள். தேயிலையின் துவர்ப்போடு இரும்பு சேர்ந்துதான் அந்தச் சாம்பல் பிறக்கிறது. குச்சி மரத்தில் அந்தத் துவர்ப்பு குறைவு. தடவியதும் நிறம் தெரியாது, சற்று நேரம் பொறுங்கள். அவசரப்பட்டு இரண்டாம் தரம் தடவினால் கரிக்கறுப்பாகிவிடும். பழைய பத்திரிகைகளுக்கு நடுவே வைத்து, மேலே பாரம் ஏற்றி நிழலில் உலர்த்தினால் ஓடு வளையாது.