வாதம் விழுந்த தோள்: ஊசியா, மாத்திரையா?

பக்கவாதம் வந்து அப்பாவுக்கு ஐந்து மாதம். வலது கை மார்போடு ஒட்டிக் கிடக்கிறது. விலக்கினால் கத்துகிறார். மாத்திரை போதுமா, போடாக்ஸ் ஊசி வேண்டுமா? (கோத்தகிரி)

கை உள்பக்கம் திருகி ஒட்டிக்கொள்வதற்குப் பெரும்பாலும் இரண்டு தசைகள் காரணம்: மார்பின் பெரிய தசையும், தோள்பட்டை எலும்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் தசையும். இறுக்கம் இந்த ஓரிடத்தில்தான் என்றால், நான் ஊசியின் பக்கம்; போடாக்ஸ் போட்ட தசையை மட்டும் தளர்த்தும். பாக்லோஃபென், டிசானிடின் மாத்திரைகள் உடம்பு முழுவதையும் தளர்த்தும். பகலெல்லாம் தூங்கி வழிவார், நடையும் தள்ளாடும். கை, கால் எல்லாமே விறைத்திருந்தால் மாத்திரை சரி. ஆனால் பாக்லோஃபெனைத் திடீரென நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம். மண் சரிந்து பாதை அடைபடுவது நம் மலையில் புதிதா என்ன? பத்து நாள் மாத்திரை கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.

ஊசி வேலை செய்யச் சில நாள் முதல் 2 வாரம் ஆகும். சுமார் 3 மாதம் தாங்கும். அதற்குள் பிசியோதெரபி ஒழுங்காக நடக்கவில்லையென்றால், உரம் போட்ட மறுநாள் அடைமழை பெய்த கதைதான்.

அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி என்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றா? சர்க்கரை இருக்கிறது. (குன்னூர்)

வேறு வேறு. ஸ்டீராய்டு மூட்டின் அழற்சிக்கு; தசை இறுக்கத்தைத் தளர்த்தாது. பல தோள்களில் இரண்டும் சேர்ந்தே இருப்பதால்தான் குழப்பம். எது முந்தி என்று டாக்டர் தொட்டு, அசைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஸ்டீராய்டு போட்டபின் சில நாள் சர்க்கரை ஏறும், அளந்து பாருங்கள்.

நீலகிரித் தைலம் தேய்க்கலாமா? (ஊட்டி)

தாராளமாக. சுகமாக இருக்கும், அவ்வளவுதான். இறுக்கத்தின் வேர் மூளையில் இருக்கிறது. குளிரில் விறைப்பு கூடுமென்பதால் ஒத்தடமும் கொடுக்கலாம். ஆனால் உணர்ச்சி குறைந்த தோளுக்குச் சூடு தெரியாது. வெந்நீர்ப் பையால் கொப்புளம் போட்டுக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாரம் மூன்று முறை ஊட்டிக்கு ஏறி வர முடியாது. வீட்டில் என்ன செய்ய? ஸ்வெட்டர் போடும்போதுதான் அதிகம் கத்துகிறார். (கூடலூர்)

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். உத்தரத்தில் கயிறும் கப்பியும் மாட்டிக் கையை இழுக்க வைப்பது வேண்டாம், தோள் இன்னும் கெடும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கவும் வேண்டாம்.

ஸ்வெட்டர் விஷயத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். முன்பக்கம் பட்டன் வைத்ததாக வாங்குங்கள். கையை மடியில் வைத்து, ஸ்லீவைச் சுருட்டி அதன்மேல் ஏற்றுங்கள். கையை இழுத்து ஸ்லீவுக்குள் திணிக்காதீர்கள். போடும்போது வாதக் கை முதலில். கழற்றும்போது கடைசியில்.