ஔரங்கசீப்பிலிருந்து உலகநாயகன் வரை: கண்ணி கோக்கும் கேள்வி பதில்

விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒரு பக்கம் வரலாற்று ஆள், மறு பக்கம் இன்றைய நடிகர். நடுவில் ஒருவரையொருவர் உயிரோடு நேரில் சந்தித்தவர்களாக, அல்லது ஒரே படத்தில் நடித்தவர்களாக, கோத்துக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு இணைப்பும் ஒரு கண்ணி. வேஷம் கட்டியது கணக்கில் வராது. அதற்கு இடம் கொடுத்தால் சிவாஜி கணேசன் ஒருவரே பாதி வரலாற்றை முடித்துவிடுவார்.

சார், காந்தி – கமல்ஹாசன்? சுலபமானதிலிருந்து ஆரம்பிப்போம். (அடையாறு வாசகர்)

மூன்று கண்ணி. வழிகள் பல இருக்கின்றன, எனக்குப் பிடித்தது உங்கள் ஏரியா வழியாகவே போகிறது. காந்தி – டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி – ஜெமினி கணேசன் – கமல். தேவதாசி ஒழிப்புக்காகச் சட்டசபையில் போராடியவர், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர் என்று அந்த அம்மாவைத் தெரியும். ஜெமினிக்கு அவர் அத்தை என்பது பலருக்குத் தெரியாது. காந்தி கைதானதைக் கண்டித்து 1930-ல் சட்டசபைப் பதவியைத் தூக்கி எறிந்தவர். ஜெமினியும் குழந்தை கமலும் 1960-ல் 'களத்தூர் கண்ணம்மா'வில். முடிந்தது.

அண்ணா, ஜின்னாவை விஜய்யோடு கோத்துக் காட்டினால் பிரியாணி வாங்கித் தருகிறேன். (பெரம்பூர், கல்லூரி மாணவர்)

மட்டன்தான் வேண்டும். 1940 ஜனவரியில் பம்பாயில் ஜின்னாவைப் பெரியார் சந்தித்தார். 1946-ல் அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்த வி.சி. கணேசனுக்கு 'சிவாஜி' என்று பெயர் சூட்டியவர் அதே பெரியார். சிவாஜியும் விஜய்யும் 1997-ல் 'ஒன்ஸ் மோர்'. மூன்றே கண்ணி.

சார்லி சாப்ளின்?

யாரோடு என்று நீங்கள் எழுதவில்லை. கமல் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு. 1975-ல் சாப்ளினுக்கு சர் பட்டம் கொடுத்தவர் எலிசபெத் ராணி. 1997 அக்டோபரில் தரமணி எம்.ஜி.ஆர். ஃபிலிம் சிட்டியில் கமலின் 'மருதநாயகம்' படத் தொடக்க விழாவுக்கு வந்தவரும் அவரே. இந்த விளையாட்டில் அந்த ஒரு விழா நமக்கு சென்ட்ரல் ஸ்டேஷன் மாதிரி, எங்கே போவதானாலும் அங்கே ஏறி இறங்கலாம். ராணியின் தாத்தா ஐந்தாம் ஜார்ஜ், அவருடைய பாட்டி விக்டோரியா. ஆக விக்டோரியாவுக்கும் கமலுக்கும் மூன்று கண்ணிதான்!

சத்ரபதி சிவாஜிக்கும் சிவாஜி கணேசனுக்கும் எத்தனை? இரண்டு பேருமே காளிகாம்பாள் கோயிலுக்குப் போயிருப்பார்களே, அது போதாதா? (மண்ணடி வாசகி)

போதாதும்மா. மன்னர் 1677-ல் தம்புச் செட்டித் தெருவுக்கு வந்து அம்பாளை வணங்கினார் என்று கோயிலில் எழுதி வைத்திருக்கிறார்கள், சரி. ஆனால் ஒரே சன்னிதியில் நின்றவர்களையெல்லாம் சேர்த்தால் திருப்பதி க்யூவில் உலகமே சொந்தமாகிவிடும்.

இருந்தாலும் கேள்வி அபாரம். எனக்குக் கிடைத்த வழி பதினொரு கண்ணி. 1666-ல் ஆக்ராவில் சிவாஜி ஔரங்கசீப்பின் தர்பாரில் நின்றார். பின்வரிசையில் நிறுத்தினார்கள் என்று கோபித்துக்கொண்டு வெளியேறிய கதை உங்களுக்குத் தெரியும். ஔரங்கசீப்பின் தளபதி தாவூத் கான். இந்த ஆள் நம்மூர் சரித்திரத்தில் மறக்கக் கூடாதவர். 1701-ல் சென்னைக்கு வந்தபோது, கோட்டையில் கவர்னர் தாமஸ் பிட் தடபுடலாக விருந்து வைத்தார். சாப்பிட்டுவிட்டுப் போனவர் மறு வருஷமே படையோடு வந்து நகரை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார். விருந்து சரியில்லையோ என்னவோ. பிட்டும் சாதாரண ஆள் இல்லை. இங்கே இருந்தபோது வாங்கிய 410 காரட் வைரம் பிறகு பிரெஞ்சு அரச குடும்பத்துக்குப் போய், இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இனி வண்டி வேகமாக ஓடும். தாமஸ் பிட்டின் பேரன் வில்லியம் பிட், பிரிட்டிஷ் பிரதமர். அவருடைய அரசர் மூன்றாம் ஜார்ஜ். மகன் நான்காம் ஜார்ஜ். அவர் விக்டோரியாவுக்குப் பெரியப்பா. விக்டோரியா – ஐந்தாம் ஜார்ஜ் – எலிசபெத் – கமல். கடைசியாக 1992 'தேவர் மகன்'. எண்ணிப் பாருங்கள், பதினொன்று. மராட்டிய மன்னருக்கும் அவர் பெயரைச் சுமந்த நடிகருக்கும் நடுவில் அவருடைய பரம எதிரி ஔரங்கசீப்பே முதல் ஆளாக நிற்கிறார்.

கணித மேதை ராமானுஜன் – அபினய். அவர்தானே 2014 படத்தில் ராமானுஜனாக நடித்தார்? ஒரு கண்ணி! (திருவல்லிக்கேணி வாசகர்)

விதியை மேலே எழுதியிருக்கிறேன், படியுங்கள். நடித்தது செல்லாது. நேர்வழியில் போனால் ஏழு ஆகிறது. ராமானுஜன் – கேம்பிரிட்ஜில் ஹார்டி – எஸ். சந்திரசேகர். உங்கள் திருவல்லிக்கேணி இந்து ஹைஸ்கூலில் படித்த அதே வானியல் சந்திரசேகர்தான். ஹார்டி கேட்டுக்கொண்டதால், ராமானுஜனின் மனைவி ஜானகியைத் தேடிப்போய் அந்த பாஸ்போர்ட் போட்டோவை வாங்கி அனுப்பியவர் அவர். இன்று எல்லாப் புத்தகத்திலும் நாம் பார்க்கும் முகம் அது. 1983-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தவர் ஸ்வீடன் மன்னர் கார்ல் குஸ்தாவ். அதே வருஷம் எலிசபெத் ராணி ஸ்வீடன் போய் அந்த மன்னரின் விருந்தாளியாக இருந்தார். அப்புறம் கமல், ஜெமினி, ஜெமினியின் பேரன் அபினய். இதைவிடக் குறுக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பெரம்பூர்த் தம்பி வாங்கித் தரும் பிரியாணியில் பாதி.

ராஜராஜ சோழன் – ஜெயம் ரவி?

வராது. யார் யாரை நேரில் பார்த்தார்கள் என்று எழுதி வைத்த ஆதாரம் வேண்டும். சோழருக்குப் பிறகு தலைமுறை தலைமுறையாக அப்படிக் கோக்க என்னிடம் நூல் இல்லை. நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள், எல்லோருக்கும் இதே பதில்தான்.

அப்படியானால் மருதநாயகம் – கமல் மட்டும் வருமா சார்? படமே வரவில்லையே! (வேளச்சேரி வாசகர்)

குத்தாதீர்கள். படம் வராவிட்டாலும் சங்கிலி வரும். மருதநாயகம் என்ற யூசுப் கான் ராபர்ட் கிளைவின் கீழ் போரிட்டவர். 1753-ல் நம் கோட்டை செயின்ட் மேரிஸ் தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொண்ட அதே கிளைவ்தான். ஊர் திரும்பிய கிளைவ் மூன்றாம் ஜார்ஜ் அரண்மனைக்குப் போனவர். அங்கிருந்து பழைய ரூட்: நான்காம் ஜார்ஜ், விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ், எலிசபெத், கமல். மொத்தம் ஏழு. அன்று தரமணிக்குப் பட பூஜைக்கு வந்த ராணியம்மாவே, அந்தப் படத்தின் கதாநாயகனுக்கும் நடிகருக்கும் நடுவில் கடைசி ஆள்.