கர்ப்ப காலத்தில் கண் அழுத்தம் குறைந்தால் ஆபத்தா?

கேள்வி: எனக்கு இது ஏழாம் மாதம். பல வருடங்களாகக் காண்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். இப்போதெல்லாம் போட்ட ஒரு மணி நேரத்திலேயே கண் உறுத்துகிறது. எழுத்தும் லேசாக மங்குகிறது. போன வருடம் 16 இருந்த கண் அழுத்தம் இப்போது 13 என்கிறார்கள். அம்மாவுக்குக் கிளாக்கோமா, அதாவது பார்வை நரம்பைப் பாதிக்கும் கண் அழுத்த நோய், இருப்பதால் பயமாக இருக்கிறது. கண்ணாடி மாற்ற வேண்டுமா?

பதில்: அழுத்தம் இறங்கியதற்குப் பயப்படாதீர்கள். கிளாக்கோமாவில் நாங்கள் அஞ்சுவது ஏறுவதற்குத்தான். கண்ணுக்குள் ஒரு திரவம் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கிறது. கர்ப்ப கால ஹார்மோன்களால் அந்த வடிகால் கொஞ்சம் தாராளமாகிவிடும். இரண்டு மூன்று புள்ளி குறைவது சகஜம். பிரசவத்துக்குப் பின் பழைய அளவுக்குத் திரும்பிவிடும் என்பதால், இந்த 13-ஐ நம்பி இருந்துவிடாதீர்கள். அம்மாவுக்கு நோய் இருக்கிறதே, குழந்தை பிறந்து சில மாதம் கழித்துப் பார்வை நரம்பையும் சேர்த்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

சரி, லென்ஸ் ஏன் உறுத்துகிறது? விரலில் மோதிரம் இறுகுகிறது அல்லவா, அதே கதைதான். கருவிழியும் நீர் கோத்து லேசாகத் தடிக்கிறது. அதன் வளைவு மாறுகிறது. பழைய வளைவுக்கு அளவெடுத்த லென்ஸ் எப்படிப் பொருந்தும்? போதாததற்குக் கண்ணும் உலர்ந்துபோகிறது. லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு மாறுங்கள். புதுக் கண்ணாடி இப்போது வேண்டாம். பிரசவமான சில வாரங்களில் பவர் மறுபடி மாறக்கூடும்.

ஆனால் திடீரென்று பார்வை மங்கினாலோ, கண் முன்னால் மின்னல் வெட்டினாலோ, ஒரு பக்கம் மறைந்தாலோ, கூடவே தலைவலி இருந்தாலோ கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். அன்றே பிரசவ மருத்துவரிடம் போய் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் பிரீஎக்லாம்ப்சியாவாக, அதாவது ரத்த அழுத்தம் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் கர்ப்ப காலக் கோளாறாக, இருக்கலாம். அது உங்களுக்கும் குழந்தைக்கும் ஆபத்து. கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய் இருந்தவர்கள் முதல் மூன்று மாதத்துக்குள் விழித்திரையைப் பரிசோதித்திருக்க வேண்டும்.

அப்புறம், அம்மாவின் சொட்டு மருந்தை எடுத்து விட்டுக்கொள்ளாதீர்கள். சிரிக்காதீர்கள், அப்படிச் செய்துவிட்டு வந்தவர்கள் உண்டு. கண்ணில் விடுவதும் ரத்தத்தில் கலக்கும். டிமொலால் போன்ற கிளாக்கோமா சொட்டு மருந்துகள் வயிற்றிலுள்ள குழந்தையின் இதயத் துடிப்பைக் குறைக்கலாம். ஏற்கெனவே கிளாக்கோமாவுக்குச் சொட்டு விடுபவர்கள் தாங்களாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டால் உடம்புக்குள் போவது குறையும்.