இரண்டு வயதுக் குழந்தை கைப்பேசி காட்டினால்தான் சாப்பிடுகிறது, எப்படி நிறுத்துவது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: மகனுக்கு இரண்டு வயது நிறையப் போகிறது, கைப்பேசியில் பாட்டு ஓடினால்தான் வாய் திறக்கிறான், வாங்கி வைத்துவிட்டால் அழுது புரள்கிறான், மாமியார் "பிள்ளை இளைத்துக்கொண்டே போகிறது" என்கிறார். நீங்கள் எழுதாமல் விட்டதையும் என்னால் ஊகிக்க முடிகிறது. நீங்கள் வேலைக்குப் போகிறவர். காலையில் கிண்ணத்தை ஒரு கையிலும் கடிகாரத்தில் ஒரு கண்ணுமாக ஊட்டுகிறீர்கள். மாலையில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "இன்றைக்கு என்ன சாப்பிட்டான்?" என்று கேட்கிறீர்கள். ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்வி வரும் இடமெல்லாம் "இந்தக் காலத்துப் பெற்றோருக்குப் பொறுமை இல்லை, சோம்பலில் கைப்பேசியைக் கையில் திணித்துவிடுகிறார்கள்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அதைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன். சோம்பேறியாக இருப்பவர் குழந்தை சாப்பிடவில்லை என்று ஒரு மணி நேரம் கிண்ணத்தோடு போராட மாட்டார். பட்டினி கிடந்துவிடுமோ என்ற பயம்தான் கைப்பேசியை எடுக்க வைக்கிறது.

எனக்கு ஒரு மகள், ஒரு மகன். தஞ்சாவூரில் வீட்டின் கீழ்த்தளத்திலேயே மின்சாமான் கடை வைத்திருக்கிறேன். மனைவி செவிலியர், ஷிப்ட் முறையில் வேலை. அவருக்கு இரவுப் பணி வரும் வாரங்களில் குழந்தைகளுக்குச் சோறு பிசைவது, ஊட்டுவது, கால் கழுவிவிடுவது, தூங்க வைப்பது எல்லாம் என் பொறுப்பு. ஆண் ஒருவன் இதைச் சொன்னால் பெருமையடிக்கிறான் என்று சிலருக்குத் தோன்றலாம். தோன்றட்டும். என் பிள்ளைகளுக்கு நான் சோறூட்டுவதில் எனக்குப் பெருமைதான். நான் மருத்துவன் அல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் குழந்தை மருத்துவர் சொன்னதும், அங்கன்வாடி ஊழியர் காட்டியதும், எங்கள் வீட்டில் நடந்ததும்தான் இதில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் கைப்பேசி சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வந்த கதையைச் சொல்கிறேன். தனியார் நிறுவனங்களில் பேறுகால விடுப்பு 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம். குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் திட உணவும் என்பது எல்லா மருத்துவரும் சொல்வது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரசவ வலி வரும்வரை வேலைக்குப் போய் விடுப்பு முழுவதையும் மிச்சம் பிடித்த தாய்கூட, குழந்தை முதல் வாய் சோறு உண்ணப் பழகும் நாளில் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். அதுவரை அம்மாவின் மடியில் பசியாறிய குழந்தைக்கு ஒரே வாரத்தில் உணவும் மாறுகிறது, ஊட்டும் கையும் மாறுகிறது. என் மகளுக்கும் அப்படித்தான் மாறியது.

இரவு உணவு நேரத்தில் "அம்மா, அம்மா" என்று கதவைப் பார்த்து அழுவாள். என் மனைவி பணியிடத்திலிருந்து இடைவேளையில் காணொலியில் அழைப்பார். அம்மாவின் முகத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே மகள் பருப்பு சாதம் சாப்பிடுவாள். வார்டில் வேலை கூடும் நாள்களில் அழைப்பு வராது. அப்போது அதே திரையில் என் அம்மா, பிள்ளைகளுக்கு அப்பாயி, குழந்தைப் பாட்டை ஓட்டிவிடுவார். ஒன்றரை வயதுக்குள் அம்மாவின் முகம் போய்ப் பாட்டு மட்டும் நின்றுவிட்டது. மூன்று வேளையும் அப்படியே. அப்பாயியைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. மூட்டு வலியோடு பேத்தியின் பின்னால் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் அவர்.

தடுப்பூசிக்குப் போனபோது மருத்துவரிடம் "சாப்பிடுவதே இல்லை" என்று சொன்னோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "பால் எவ்வளவு குடிக்கிறாள்?" சோறு இறங்காத கவலையில் அப்பாயி புட்டியில் பால் கொடுப்பார். எழுந்ததும் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மதியம் தூங்குவதற்கு முன், மாலையில், இரவில். கூட்டிப் பார்த்தால் ஒரு லிட்டரை நெருங்கியது. அரை லிட்டரைத் தாண்டக் கூடாது, அதையும் டம்ளரில் கொடுங்கள் என்றார் மருத்துவர். பால் வயிற்றை நிரப்பிவிடும். அதில் இரும்புச் சத்து மிகக் குறைவு. மற்ற உணவிலிருக்கும் இரும்புச் சத்து உடலில் சேர்வதையும் அது குறைக்கும். ரத்தசோகை வந்தால் பசியே மந்தமாகிவிடும். குழந்தை சாப்பிடவில்லை என்று பாலைக் கூட்ட, பாலால் பசி குறைய, இந்தச் சுற்றிலிருந்து வெளியே வரவே முடியாது. உங்கள் கேள்வியில் பாலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. கைப்பேசியைத் தொடுவதற்கு முன் பால் கணக்கைப் பாருங்கள். இரும்புச் சத்து மருந்து ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரண்டு முறை 1 மி.லி. வீதம் அரசுத் திட்டத்தில் கொடுக்கப்படுகிறது. உங்கள் மகனுக்குக் கொடுக்கிறார்களா என்று அங்கன்வாடியிலோ சுகாதார நிலையத்திலோ கேளுங்கள்.

அடுத்து மருத்துவர் சொன்னது என் பயத்தைப் பாதியாகக் குறைத்தது. 3 கிலோ எடையில் பிறக்கும் குழந்தை ஐந்தாம் மாத வாக்கில் 6 கிலோ ஆகிவிடுகிறது, முதல் பிறந்தநாளில் சுமார் 9 கிலோ. ஓராண்டில் மூன்று மடங்கு. இரண்டாம் ஆண்டு முழுவதிலும் கூடுவது 2 முதல் 2½ கிலோதான். அதற்குப் பிறகும் பள்ளிக்குப் போகும் வயது வரை ஆண்டுக்கு 2 கிலோ அளவில்தான் ஏறும். வளர்ச்சி நிதானப்படுகிறது, பசியும் நிதானப்படுகிறது. குழந்தை முன்பு சாப்பிட்ட வேகத்திலேயே இப்போதும் சாப்பிட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அதோடு இந்த வயதில்தான் அது நடக்கிறது, ஓடுகிறது, கன்னத்துச் சதை கரைந்து கையும் காலும் நீள்கின்றன. பாட்டிமார் கண்ணுக்கு இது இளைப்பாகத் தெரிகிறது.

உலக சுகாதார அமைப்பின் வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டு வயதில் ஆண் குழந்தையின் நடு எடை 12.2 கிலோ, பெண் குழந்தைக்கு 11.5. ஆண் குழந்தை 9.7 கிலோவுக்கும் பெண் குழந்தை 9 கிலோவுக்கும் கீழே போனால்தான் எடைக் குறைவு என்கிறார்கள். என் மகள் இரண்டு வயதில் பத்துக் கிலோவும் சொச்சமும். அங்கன்வாடி ஊழியர் தாய்சேய் அட்டையில் புள்ளி வைத்து, "பச்சைப் பட்டைக்குள்தான் இருக்கிறாள், கோடும் மேலே ஏறுகிறது, எதற்கு அழுகிறீர்கள்?" என்று கேட்டார். அழுதது என் அம்மா.

அதன்பின் வீட்டில் ஒரு முடிவு எடுத்தோம். என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது, இவை பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது, இது குழந்தையின் பொறுப்பு. இது நான் கண்டுபிடித்தது அல்ல. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் வகுத்த முறை இது, இன்று உலகம் முழுவதும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். கேட்பதற்கு எளிது. கையில் நெய் மணக்கும் சோற்றை வைத்துக்கொண்டு, குழந்தை முகத்தைத் திருப்பியதும் தட்டை எடுத்துவிடுவது எவ்வளவு கடினம் என்பது செய்து பார்த்தவருக்கே தெரியும்.

கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தோம். கைப்பேசிகள் எல்லாம் அலமாரியில், என்னுடையதும்தான். மகளுக்குச் சிறிய தட்டு, அதில் கொஞ்சமாகப் பருப்பு சாதம், பக்கத்தில் அவித்த முட்டை பாதி, அவள் கையால் எடுக்கும்படி ஓர் இட்லித் துண்டு. முதல் நாள் தட்டைத் தள்ளிவிட்டு அலமாரியைக் காட்டி அழுதாள். நான் அவளைத் திட்டவுமில்லை, கெஞ்சவுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்து வைத்தேன். அடுத்த தீனி நேரம் வரை பாலும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை, தண்ணீர் மட்டும். என் அம்மா சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரவு "பிள்ளை வெறும் வயிற்றோடு தூங்குகிறதே, உனக்கு மனம் எப்படி வருகிறது?" என்று கேட்டார். "அம்மா, நாளைக்கு அவளே கேட்பாள், பாருங்கள்" என்றேன். சொன்னேனே தவிர எனக்கும் தூக்கம் வரவில்லை.

மறுநாள் மாலை அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை அவளே எடுத்துக் கடித்தாள். அந்த வாரக் கடைசியில் ரசம் சாதத்தை மேலெல்லாம் பூசிக்கொண்டு ஐந்தாறு வாய் அள்ளினாள். ஒரு வேளை நன்றாகச் சாப்பிட்டால் அடுத்த வேளை தட்டைத் தொடமாட்டாள். அதை வேளைக் கணக்காகப் பார்க்காமல் வாரக் கணக்காகப் பார்க்கப் பழகினோம். கீரையைப் பல வாரங்கள் துப்பினாள். புதிய உணவைக் குழந்தை ஏற்க பத்து முறைக்கு மேலும் தட்டில் வைக்க வேண்டியிருக்கும் என்பது உண்மை. ஒருநாள் முருங்கைக்கீரைப் பொரியலை அவளாகவே கேட்டாள். தம்பி பிறந்தபோது வீட்டில் இதெல்லாம் பழகிப் போயிருந்தது. அவனுக்குச் சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசி என்றால் என்னவென்றே தெரியாது.

"அந்தக் காலத்தில் நிலாவையும் காக்கையையும் காட்டி ஊட்டினோமே, அதுவும் இதுவும் ஒன்றுதானே?" என்று பலர் வாதிடுவார்கள். ஒன்றல்ல. இடுப்பில் வைத்துக்கொண்டு காக்கையைக் காட்டும்போது குழந்தை திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறது, "கா கா" என்கிறது, போதும் என்றால் தலையை ஆட்டுகிறது, ஊட்டுகிறவர் அதைப் பார்க்கிறார். திரையைப் பார்க்கும் குழந்தை வாயில் என்ன விழுகிறது என்பதையே கவனிப்பதில்லை. வயிறு நிறைந்தது அதற்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மெல்லாமல் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்ளும், புரையேறும் அபாயமும் உண்டு. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் இரண்டு வயது வரை திரையே வேண்டாம், உறவினரோடு எப்போதாவது காணொலியில் பேசுவது மட்டும் பரவாயில்லை, இரண்டு முதல் ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்கிறது. ஆகவே அலுவலகத்திலிருந்து நீங்கள் மகனிடம் காணொலியில் பேசுவதை விட்டுவிடாதீர்கள். அது சோற்று நேரத்தில் வேண்டாம், அவ்வளவுதான்.

கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், மனதில் இருந்து அரிக்கிறது. மன்னார்குடியில் மாமனார் வீட்டுக்கு மகளோடு தனியாகப் போகும்போது ஒரு பேருந்து நிலையத்தில் அவளுக்கு வயிறு கலக்கிவிட்டது. கழுவி உடை மாற்ற இடம் இல்லை. ஆண்கள் கழிப்பறையில் தரையில் கால் வைக்க முடியாது, பெண்கள் பக்கம் நான் போக முடியாது. 2015இல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். நல்ல காரியம், அங்கே ஆண்கள் நுழையக் கூடாது என்பதும் சரி. ஆனால் தகப்பனோடு பயணம் செய்யும் பெண் குழந்தைக்கு எங்கே இடம்? கடைசியில் பூ விற்கும் ஓர் அம்மா தன் குடத்துத் தண்ணீரைக் கொடுத்து, தார்ப்பாயை மறைப்பாகப் பிடித்தார். ஒரு மேடை, ஒரு குழாய், ஒரு கதவு, இவ்வளவு போதும். கல்யாண மண்டபங்களிலும் இதே கதை. அப்பா பிள்ளையைத் தூக்கினால் "பாவம், அம்மா எங்கே?" என்று கேட்கிறார்கள். அம்மா வேலைக்குப் போயிருக்கிறார். அப்பா பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். இதில் பாவம் என்ன இருக்கிறது?

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். எடைக் கோடு இரண்டு மூன்று மாதமாக ஏறாமல் நின்றாலோ கீழே இறங்கினாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, வாந்தியும் பேதியும் தொடர்ந்தாலோ, முகம் வெளுத்திருந்தாலோ, குறிப்பிட்ட ஒன்றிரண்டு உணவைத் தவிர எதையும் தொடாமல் பேச்சும் தாமதமாக இருந்தாலோ, நான் எழுதியதை ஒதுக்கி வைத்துவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், நீங்களோ உங்கள் கணவரோ தொடர்ந்து சில நாள் வீட்டில் இருக்க முடிகிற சமயத்தில் தொடங்குங்கள். பாதியில் ஒருவர் கைப்பேசியைக் கொடுத்துவிட்டால், இன்னும் உரக்க அழுதால் கிடைக்கும் என்று குழந்தை கற்றுக்கொள்ளும். முழு நிலக்கடலையும் முழுத் திராட்சையும் தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம், அவை தட்டில் வேண்டாம்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். அடுத்த முறை அங்கன்வாடியில் எடை போடப் போகும்போது அவரைக் கையோடு அழைத்துப் போங்கள், அட்டையை அவர் கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் மருமகள் சொன்னதாகிவிடும். உங்கள் கணவர் சொன்னால் பொண்டாட்டி பேச்சைக் கேட்கிறான் என்றாகிவிடும். என் அம்மா என் பேச்சையோ மருத்துவர் பேச்சையோ கேட்டு மாறவில்லை. அந்த ஊழியர் வைத்த புள்ளியைப் பார்த்த பிறகுதான் புட்டிகளைத் தாமாகவே பரணில் எடுத்துப் போட்டார்.