நவம்பர் ஸ்கோரை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: அமெரிக்காவில் என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) டிவிஷன் 3-ல், அதாவது அதன் மூன்றாம் பிரிவில், உள்ள ஒரு கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணி சீசன் தொடங்கும் நவம்பரில் வரிசையாக ஜெயித்தால், அந்த சீசன் தேறுமா?

அவசரப்பட வேண்டாம். முதலில் எதிரணி யார் என்று பாருங்கள். 2012 நவம்பரில் கிரின்னெல் கல்லூரியின் ஜாக் டெய்லர் ஒரே ஆட்டத்தில் 138 புள்ளிகள் எடுத்தார் (ஆமாம், தனி ஆளாக!). ஸ்கோர் 179-104. ஆனால் எதிரே ஆடிய ஃபெயித் பாப்டிஸ்ட் பைபிள் கல்லூரி என்சிஏஏ-விலேயே இல்லை.

அப்புறம், கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் மோதும் கல்லூரிகளின் குழு) சாம்பியனுக்குத் தேசியப் போட்டியில் நேரடி இடம் உண்டு. அதனால் டிசம்பரில் தடுமாறிய அணியும் பிப்ரவரியில் விழித்துக்கொண்டால் உள்ளே போய்விடலாம். கான்ஃபரன்ஸ் கோப்பையைத் தவறவிட்டவர்களுக்குத்தான் ஆரம்ப ஆட்டங்கள் கைகொடுக்கும். மீதி இடங்களுக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுக் குழு எதிரணிகளின் பலத்தையும் கணக்கில் எடுக்கும்.

நான் ஸ்கோரைவிட, போன வருட முதல் ஐவரில் எத்தனை பேர் திரும்பியிருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன்.